மிச்சம் விட்ட வயர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால், "பேஷன்ட் காத்திருக்காங்க" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். அக்காவும் உன் பேஷன்ட்தான் என்பது பெரிய டாக்டருக்கு மறந்துபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அசையாத என் இரைப்பையை அசைக்க நீ தோலுக்கடியில் வைத்த மின்கருவி எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. வாந்தி நின்றது, ஒரு தட்டுச் சாப்பாடு முழுசாக இறங்கியது. இப்போது பத்து நாளாக வயிறு முறுக்கிப் பிழிகிறது. பச்சையாக வாந்தி. தையல் மெஷின் முன்னால் கால் மணி நேரம் உட்கார முடியவில்லை. அங்கே வரட்டுமா, இங்கே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?

உன் அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கேயும் போக வேண்டாம். கருவியைப் போன மாதம்தான் சோதித்தேன், அருமையாக ஓடுகிறது. வைத்தது யார் என்று கொஞ்சம் நினைத்துப் பார். பயம்தான் உனக்கு வாந்தியாக வருகிறது. சின்ன வயதிலிருந்தே எதையும் ஊதிப் பெரிதாக்குவாய். கண்ட ஆஸ்பத்திரிக்குப் போய் என் மானத்தை வாங்காதே. நீ தையலைப் பார், வைத்தியத்தை என்னிடம் விடு. இரண்டு வாரம் பொறு.

தம்பி

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் உனக்கு ஆபரேஷன் செய்த லேடி டாக்டர் ரிப்போர்ட் அனுப்பியிருந்தார். கருவியிலிருந்து இரைப்பைக்குப் போகும் வயர் குடலைச் சுற்றி இறுக்கி, ஒரு முழம் குடலை வெட்டி எடுத்தார்களாமே. வருத்தம்தான். ஆனால் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சிக்கல் இது! மருத்துவ இதழில் எழுதப்போகிறேன். கட்டுரையும் சம்மதப் படிவமும் இதோடு இருக்கின்றன. உன் பெயர் வராது. சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தம்பி

ஏப்ரல் 28

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

உன் இங்கிலீஷ் கட்டுரையை அடுத்த வீட்டு டீச்சர் படித்துச் சொன்னார். "நோயாளி தாமதமாக வந்தார்" என்று ஒரு வரி இருக்கிறதாம். நீ சொன்னபடி இரண்டு வாரம் பொறுத்தேன், பதினைந்தாம் நாள் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் குடல் தப்பியிருக்கும் என்றார் அந்த டாக்டர்.

மிச்ச வயரைச் சுருட்டிக் கருவிக்குப் பின்னால் வைக்க வேண்டுமாம். நீ வயிற்றுக்குள் தொங்கவிட்டிருக்கிறாய். என்னிடம் தையல் பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்வேன், மிச்ச நூலைத் தொங்கவிடாதே, மெஷின் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று. இது தெரியாத ஆளுக்குப் பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டம்! அபூர்வச் சிக்கலாம். எங்கள் கடையில் அதை அரைகுறை வேலை என்போம். பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்போம். உன் கட்டுரையில் டீச்சரும் கடிதத்தில் நானும் தேடினோம், அந்த வார்த்தை எங்கேயும் இல்லை.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படிவத்தின் அடியில் ஒரு நிபந்தனையும் எழுதியிருக்கிறேன். "தாமதமாக வந்தார்" என்ற வரிக்குக் கீழே உன் மார்ச் 7 கடிதம் ஒரு எழுத்து விடாமல் அச்சாக வேண்டும். நகல் இதோடு இருக்கிறது. இதழின் ஆசிரியருக்கும் ஒன்று நேற்றே போய்விட்டது.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். உனக்குப் பேஷன்ட் காத்திருப்பாங்க.

இப்படிக்கு,
தாமதமாக வந்த நோயாளி