வலிக்கிற காலுக்கு எதிர்க் கை

என்னங்க,

நேற்றுக் காலை இங்கே ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் மூன்று பேர் இருந்தோம்: பிசியோதெரபி அம்மா, இடது முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்ட டிரில் மாஸ்டர், உதவி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நான். சாமி புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் வலது முழங்கால் எப்படி இருக்கிறது?

மாஸ்டருக்கு ஊன்றுகோலை இடது கையில் கொடுத்தேன். இரண்டடி வைத்ததும் முகம் சுளித்தார்.

"வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில கொடும்மா. குச்சியும் அந்தக் காலும் சேர்ந்து முன்னாடி போகணும். அப்பதான் பாரம் குறையும்" என்றார் பிசியோ அம்மா.

மாற்றிக் கொடுத்தேன். ஜன்னல்வரை நிற்காமல் நடந்துவிட்டார்!

"முப்பது வருஷம் பசங்களை லெஃப்ட், ரைட்னு விரட்டினவன் நான். எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது, போங்க!" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உங்கள் வலது கையில் ஊன்றுகோலைத் திணித்தவள் நான்தானே? "வலிக்குதுடி" என்று நீங்கள் உட்கார்ந்தபோதெல்லாம் சோம்பேறி என்று திட்டியவளும் நான்தான். சாமியிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

இன்றே இடது கைக்கு மாற்றுங்கள். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வாசல்வரை எத்தனை அடி நடந்தீர்கள் என்று எழுதுங்கள். இங்கே வருபவர்கள் நடந்த அடிகளைக் குறிக்கும் என் நோட்டில் உங்களுக்கென்று ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மகளை எழுதச் சொல்லாதீர்கள், உங்கள் கிறுக்கல் கையெழுத்தே வேண்டும்.

பிசியோ அம்மா கூப்பிடுகிறார். சீக்கிரம் பதில் போடுங்கள்.