நகராத ஸ்பேனர்

இன்று தாபோடி மெக்கானிக் ஷெட்டில் கியர் ஆயில் வாடை முகத்தில் அடித்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. நம் பஸ்ஸின் கியர்பாக்ஸைத் தாங்கும் இரும்புச் சட்டம் மறுபடி விரிசல் விட்டிருக்கிறது. "பாபி, காடி பேச் டாலோ," என்றார் மெக்கானிக். விற்றுவிடச் சொல்கிறார், நல்லதற்குத்தான். வாதாட எனக்குத் தெம்பில்லை. புதுச் சட்டம் போடச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

போன முறை அதை மாட்டியது நாம் இருவரும்தான். ஞாயிற்றுக்கிழமை, விஷ்ராந்த்வாடியில் நம் வீட்டுக்கு எதிரே. மெக்கானிக் ஊரில் இல்லை. மறுநாள் காலை ஹிஞ்ஜேவாடி கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போக வேண்டும். இருவரும் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்தோம். கியர்பாக்ஸுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தூக்கினீர்கள். பழைய சட்டத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை ஏந்திப் பிடித்தோம். துளைகள் நேராக வராமல் படுத்தின. நான் கம்பியால் நெம்ப, நீங்கள் போல்ட்டுகளைக் கையாலேயே திருகினீர்கள். "எல்லாம் உள்ள போன பொறவுதான் இறுக்கோணும்," என்றீர்கள்.

ஜாக்கியை இறக்கினோம். கியர்பாக்ஸின் பாரம் சட்டத்திலிருந்த ரப்பரில் உட்கார்ந்தது. நீங்கள் ஸ்பேனரைப் போட்டு இழுத்தீர்கள். அது நகரவில்லை. போல்ட்தான் மக்கர் செய்கிறது என்று நினைத்தேன். இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தீர்கள்.

"ஏனுங்க, என்ன பண்ணுதுங்க?"

"கையில பலமே இல்ல புள்ள."

"எப்ப இருந்துங்க?"

"தீவாளிக்கு முன்னால இருந்தே. கிளட்ச் மிதிக்கறப்பக் காலும் அப்பிடித்தான்."

மாதக்கணக்கில் அந்தக் காலோடு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிப் போயிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்தை அங்கே மல்லாந்து கிடந்தபடி யாரிடம் காட்டுவது? ஸ்பேனரை வாங்கி நானே இறுக்கினேன்.

"நாளைக்கு நீங்க ஓட்ட வேண்டாமுங்க."

"அப்பறம் யாரு ஓட்டுவா?"

காலையில் வேறு டிரைவரை அனுப்பிவிட்டு உங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நரம்பில் கோளாறு என்றார்கள். அதை நிறுத்த மருந்தில்லை என்றார்கள். அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த மழைக்காலத்துக்கு நீங்கள் இல்லை.

பஸ் ஓடுகிறது. இப்போது ஓட்டுகிறவரிடம் தினமும் காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். "டீக் ஹை," நலம்தான் என்கிறார். நீங்களும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவர் கிளட்சை முழுக்க மிதித்து முதல் கியர் போடும்வரை பஸ்ஸின் படிக்கட்டருகே நின்று அவர் காலையே பார்க்கிறேன். அதன் பிறகுதான் வீட்டுக்குள் போக முடிகிறது.