வேதியியலில் வாங்கிய சி

டேட்டன், மார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று வரிக்கணக்கு எழுதும் ப்ருவிட், "நீ வேலை பாக்குற ஆஸ்பத்திரியே காலேஜ் ஃபீஸைத் திருப்பிக் குடுத்துடுச்சே, அப்புறம் எதுக்கு வரிச்சலுகை? பேராசைம்மா உனக்கு" என்று சிரித்தார்.

"ஏ, பி கிரேடு வாங்குன பாடத்துக்குத்தான் ஆஸ்பத்திரில குடுப்பாங்க. வேதியியல்ல நான் சி. அது என் கைக்காசு. அதுக்கு மட்டும் கேக்குறேன், எழுதுங்க" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினார்.

உன் ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டில் அனுப்பு. தனியாகத் தின்றால் ரொட்டி இறங்க மாட்டேன் என்கிறது.

பஸ் வந்துவிட்டது. சி வாங்கியதை யாரிடமும் மூச்சு விடாதே என்றாய். அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன் மகள்,
வெர்லீன்