பன்னிரண்டு நிமிட வெற்றிடம்

ஜூலை 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பூச்சோங் வீட்டிலிருந்து சுங்கை வேயில் வேலைக்கு, அம்மாவின் வேனில். அவள் ஒரு வேன் கம்பெனியின் டிரைவர், தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்குகிறாள். நான் அதே கம்பெனியின் மாடியில், ஏசியில், அந்த வேன்களுக்கு நேரம் பிரிக்கும் மென்பொருளைப் பார்க்கிறேன்.

வழியில் போனில் படித்தவை:
– பழைய நிரலில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்று தெரியாதவரை அதில் கை வைக்காதே.
– கல், இரும்பு எல்லாம் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான்.

முதலாவதற்கு நட்சத்திரக் குறி போட்டேன். மதியமே மீறினேன். ஒவ்வொரு இரண்டாவது ட்ரிப்புக்கும் முன் வண்டி பன்னிரண்டு நிமிடம் சும்மா நிற்கும்படி ஒரு வரி. குறிப்பு இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வண்டி நின்றால் நஷ்டம் என்றார் மேனேஜர். அழித்தேன். எல்லார் முன்னாலும் பாராட்டினார்.

திரும்பும்போது அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். வழியில் வேனை நிறுத்தி எனக்கு ஒரு கப் ஐஸ் செண்டோல் வாங்கிக் கொடுத்தாள்.

ஜூலை 8, புதன்

மழை. ஜாம். அம்மாவின் தண்ணீர்ப் பாட்டில் நிறைந்தபடியே வீடு வந்தது. நேற்றும் அப்படித்தான். தாகமில்லையாம்.

ஜூலை 9, வியாழன்

அம்மாவுக்குக் காய்ச்சல், சிறுநீர் எரிச்சல். கிளினிக். தண்ணீர் குடிக்காமல், அடக்கி அடக்கி வந்த வினை என்றார் டாக்டர்.

மருந்துக்குக் காத்திருந்தபோது ஏன் அடக்கினாய் என்று கேட்டேன், அம்மா சொன்னாள். தொழிற்சாலை கேட்டுக்குள் டிரைவர்களை விடமாட்டார்கள். பக்கத்து பெட்ரோல் ஸ்டேஷன் கழிவறைக்குப் போய்வரத்தான் அந்தப் பன்னிரண்டு நிமிடம். டிரைவர் அக்காக்கள் சேர்ந்து கேட்டு வாங்கியது. நிரல் எழுதிய மனிதர் அதைக் குறிப்பில் எழுதக் கூச்சப்பட்டு வெறுமனே விட்டிருக்கிறார்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"இப்பதான் உனக்கு நல்ல பேரு கெடச்சிருக்கு. அத நான் கெடுக்கவா? தண்ணி குடிக்காம இருந்தா முடிஞ்சிச்சுலா."

அடிக்கணும் போல இருந்தது. அவளை இல்லை. இரும்புக்குள் வெற்றிடம் என்று எவனோ எழுதினால் நம்புகிறேன். பக்கத்து சீட்டில் இருப்பவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூலை 10, வெள்ளி

அம்மா எம்.சி., மருத்துவ விடுப்பு. வரியைத் திரும்பப் போட்டேன். மேலே குறிப்பு: 'டிரைவர்கள் கழிவறைக்குப் போய்வரும் நேரம். எடுக்காதே.' தொழிற்சாலைக்காரக் கஸ்டமர் பார்ப்பான், 'ஓய்வு' என்று மாற்று என்றார் மேனேஜர். மாட்டேன் என்றேன். முகம் சுருங்கியது. பாராட்டு அதோடு சரி.

கீழே அம்மாவின் கூட்டாளி, டிரைவர் ராணி அக்கா பிடித்துக்கொண்டார். "பாஸ், பன்னெண்டு பத்தாது. எங்களுக்கெல்லாம் முட்டி வலி. பதினஞ்சா போடு."

போட்டேன்.

ஜூலை 13, திங்கள்

வெயில். அம்மா வேலைக்குப் போனாள். மாலை பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். காலி.