மூன்றாவது அறையின் தெற்குச் சுவர்

விருதுநகர்
28.3.2006

அன்புள்ள அத்தானுக்கு,

கற்பகம் எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்குச் சௌகரியம். மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். லாட்ஜ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அத்தை கேட்கச் சொன்னார்கள். பிரஷர் மாத்திரையை மறந்துவிட வேண்டாம்.

நேற்று போனில் நீங்கள் எவ்வளவோ பேச, நான் வெறுமனே உம் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று கோபித்துக்கொண்டீர்கள். போன் இருப்பது நடு வீட்டில். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார்கள். பொன்மணி பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை விரித்துக்கொண்டு காதை அம்மாவின் பேச்சில் வைத்திருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்றார்கள். திங்கட்கிழமை இலாகா விசாரணைக்குப் போகும் முன்னால் இதை நீங்கள் படித்தாக வேண்டும்.

இங்கே மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டிவிட்டார்கள். ரேடியோ செட் சத்தம் காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தரிக்கவில்லை. துவைத்த துணியையே மறுபடி ஊற வைக்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன், தீய்ந்த வாடை வந்த பிறகுதான் உள்ளே ஓடுகிறேன். அத்தையும் மூன்று வேளையும் தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சீனிவாசகம் அண்ணாச்சி பழக்கூடையோடு வந்திருந்தார். தாயில்பட்டியில் அவருடைய பட்டாசுக் கம்பெனியில் ஒரு பெண் கருகிப் போய் இரண்டு மாதம் கூட ஆகவில்லை, மனிதர் வெள்ளை வேட்டி கசங்காமல் நம் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தார். “நீங்க எதுக்கும் கவலப்படாதீக தங்கச்சி. சார் வந்து பாத்தப்ப ரெண்டு வாசலும் இருந்துச்சு. பெறகு கொத்தனாரு மொக்கைச்சாமிதான் எங்கள ஒரு வார்த்த கேக்காம தெக்கு வாசல அடைச்சிட்டான். நாங்களும் அதத்தான் சொல்லப் போறோம்” என்றார். வக்கீல் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பதும் அதுதான் என்று நீங்களே போனில் சொன்னீர்கள்.

அவர் போனதும் அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, “நம்ம மாடிப்படிக்கு நாலு செங்க வைக்கச் சொல்லி அந்த மொக்கைச்சாமி பின்னால எம்புட்டு நட நடந்தோம். யாரும் கேக்காமலே அவன் செவரு கட்டுவானாக்கும்” என்றார்கள். பிறகு, இது தன் மகனுக்கே எதிராகப் போகும் என்று நினைவு வந்ததோ என்னவோ, எழுந்து போய்விட்டார்கள்.

உங்களுக்கு வந்த குற்றச்சாட்டு மெமோவை நீங்கள் போன பிறகு எடுத்துப் படித்தேன். ஆய்வுக்குப் போன இடத்தில் மாலை மரியாதை ஏற்றது, விருந்து சாப்பிட்டது, அறைக்குள் போய்ப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டது, எல்லாம் ஆய்வாளருக்குரிய நடத்தை விதிகளுக்கு மாறானதாம். முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பூசைக்கு வீடு தேடி வந்து அழைத்தால் போகாமல் இருப்பதா, இலை போட்ட பிறகு எழுந்து வருவதா, விதி எழுதினவனுக்கு நம் பக்கத்து முறை தெரியுமா என்று வைதேன். இப்போது வையவும் வாய் வரவில்லை. கழுத்தில் மாலை விழுந்த பிறகு, இந்தச் சுவரில் வாசல் எங்கே என்று யார்தான் கேட்பார்கள்? அதற்குத்தான் அந்த விதி போலிருக்கிறது.

தை மாதம் நம் இருவரையும் கார் அனுப்பி அழைத்துப் போனார்கள். புது அறைகளுக்குப் பூசை, அன்றைக்கே நீங்களும் கட்டடத்தைப் பார்த்துச் சான்று கொடுப்பது என்று ஏற்பாடு. மருந்து அடைக்கிற அறை என்றால் எதிரும் புதிருமாக இரண்டு வாசல் வேண்டும், ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறு பக்கம் ஓட வேண்டும் என்று கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தான். அன்றைக்கு உங்களைத்தான் தேங்காய் உடைக்கச் சொன்னார்கள். மூன்றாவது அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் நின்றபடியே கும்பிட்டீர்கள். உள்ளே தெற்குச் சுவரில் பெரிய சாமி படம், சரம் சரமாகப் பூ. நீங்கள் பார்த்தது படத்தை. சுவரை இல்லை.

உள்ளே போனது நான். விளக்கேற்றிவிட்டுச் சுவருக்குக் குங்குமம் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். விரலோடு ஈரச் சிமெண்டும் சேர்ந்து வந்தது. மற்ற சுவரெல்லாம் காய்ந்திருந்தது. திரும்பி வரும்போது காரில் உங்களிடம் சொன்னேன். புதுக் கட்டடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றீர்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன், கட்டடம் பார்ப்பது உங்கள் வேலை என்று.

நேற்று மொக்கைச்சாமியின் மனைவி ராக்காயி வந்தாள். கேட்காமல் வாசலை அடைத்தான் என்ற கேஸில் அவள் புருஷன் ஜெயிலில் இருக்கிறான். தெற்கு வாசல் முதலாளிக்கு ஆகாது என்று வாஸ்துக்காரர் சொல்ல, பூசைக்கு முந்தின நாள் அவசர அவசரமாக அடைக்கச் சொன்னார்களாம். இறந்துபோன வீரலட்சுமி அவளுக்குச் சித்தி மகள். வேறு கம்பெனிகளில் வேலை பார்த்துப் பழகியவள், அங்கே சேர்ந்து ஒரு வாரம்தான். வடக்கு வாசல் பக்கம் தீப்பிடித்ததும் மற்றவர்கள் அதைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். இவள் மட்டும், எதிரில் வாசல் இருக்கும் என்று தெற்கே ஓடியிருக்கிறாள்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தான்.

ராக்காயி அழவில்லை. “அம்மா, நீங்களும் அன்னைக்கு அங்கன வந்திருந்தீகள்ல. வாசல் அடைச்சுத்தான் கெடந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்வீகளா? எங்க வக்கீலு கேட்டுட்டு வரச் சொன்னாரு” என்றாள். நான், “எங்க வீட்டுக்காரகளே சொல்லுவாக” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்களைக் கேட்காமல் உங்கள் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் நம்பிப் போயிருக்கிறாள்.

வேலை போனால் போகட்டும். கேஸ் வந்தாலும் வரட்டும், கூடவே வருகிறேன். கரிசல் காட்டில் கொத்தமல்லி விதைத்துக் கஞ்சியோ கூழோ குடித்துக்கொள்ளலாம். பொன்மணிக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். ஊர் பேசும், பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

ஆனால் நீங்கள் சொல்லாமல் வந்தால் ராக்காயி மறுபடி வருவாள். புருஷனுக்கு எதிராக நான் எப்படிச் சாட்சி சொல்வேன் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் அவள் முன்னால் நிற்கும்போது நான் என்ன சொல்லிவிடுவேனோ, அது எனக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டு வாருங்கள்.

மாரியம்மா உங்கள் நாக்கில் வந்து நிற்கட்டும்.

உங்கள்
கற்பகம்