விடுகைப் பத்திரம்

கஹவத்தை
12.06.1994

அன்புள்ள தர்மினிக்கு,

நான் நலம். நீயும் உன் வெள்ளவத்தை மாமியும் சுகமா? இரண்டு கிழமை லீவுக்கு என்று போனவள் ஒரு மாதமாகியும் வரவில்லை. ஒரு வரிகூட எழுதவில்லை. கொழும்புக்குப் போனால் கை எழுத மறந்துவிடுமா?

இங்கே உயர்தர வகுப்பு தொடங்கிவிட்டது. மொத்தம் பதினாறு பேர். அதில் விஞ்ஞானம் படிக்கக் காத்திருப்பவர்கள் ஏழு பேர், உன்னோடு எட்டு. இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் இரண்டு கிழமையில் ஆசிரியர்கள் வந்துவிடுவார்கள் என்று உன் அப்பா காலைக் கூட்டத்தில் சொன்னார். அதுவரைக்கும் கலைப்பிரிவுப் பிள்ளைகளோடு உட்காரச் சொல்லியிருக்கிறார். யோகராஜ் இந்து நாகரிகப் பாடத்தில் கணக்குப் போட்டு டீச்சரிடம் ஏச்சு வாங்குகிறான்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஹட்டனில் நான் விண்ணப்பித்த பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விஞ்ஞானப் பிரிவில் இடமும் விடுதியும் தருகிறார்கள். ஜூலை முதலாம் திகதிக்குள், இங்கிருந்து விலகியதற்கான விடுகைப் பத்திரத்தோடு வர வேண்டுமாம். அப்பா ரப்பர் பால் வெட்டி முடிந்த கையோடு அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு உங்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனார். அதிபர் சேர் சொன்னாராம்: "கன்னையா, பொம்பிளைப் பிள்ளையை ஏன் அவ்வளவு தூரம் அனுப்புறீங்கள்? சயன்ஸ் இஞ்சையே வருது. என்ரை மகளும் இஞ்சைதானே படிக்கப்போறா." அப்பா லயத்து வீட்டுக்கு வந்து, "அதிபரே வாயால சொல்லிட்டாரு, இனி என்னா?" என்றார். அம்மாவுக்கும் நிம்மதி. எனக்குத்தான் மனம் ஒரு நிலையில் இல்லை.

ரப்பர் பாலுக்குள் கண்ணாடிக் குழாயை இறக்கி அளவு பார்க்கிறாரே ஒரு ஐயா, அந்த ஆய்வுகூட வேலைக்கு ஒரு நாள் போவேன் என்று நான் சொன்னபோது சிரிக்காதவள் நீ ஒருத்திதான். அதனால் கேட்கிறேன். ஹட்டனுக்குப் போகவா, இங்கேயே இருக்கவா? சேரின் மனதில் இருப்பது உனக்குத் தெரியாமலா இருக்கும்? உடனே எழுது.

உன்
குமாரி


வெள்ளவத்தை
24.06.1994

அன்பின் குமாரி,

உன் கடிதம் கிடைத்தது. மாமிக்கு நாரிப்பிடிப்பு, எழும்ப ஏலாமல் படுத்திருக்கிறா. அதனால்தான் வர முடியவில்லை, கோபிக்காதே.

ஹட்டன் விஷயத்தில் நான் என்ன சொல்ல? அப்பா சொன்னவர் என்றால் யோசித்துத்தான் சொல்லியிருப்பார். அந்தக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளுமோ தெரியாது. அம்மாவை விட்டு நீ ஒரு நாளும் இருந்ததில்லை.

இங்கே நல்ல வெயில். புது வெள்ளைச் சப்பாத்து காலைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டது. மாமி கூப்பிடுகிறா. மற்றவை பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்
தர்மினி


கஹவத்தை
20.07.1994

தர்மினிக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

நேற்று வரவுப் பதிவேட்டை எடுத்துவர டீச்சர் என்னை அலுவலகத்துக்கு அனுப்பினார். மேசைமேல் விடுகைப் பத்திரப் புத்தகம் கிடந்தது. ஆள் யாரும் இல்லை. அடிக்கட்டைகளைப் புரட்டினேன். உன் பெயர் இருந்தது. திகதி பதினாறு ஐந்து தொண்ணூற்று நான்கு. காரணம், 'கொழும்பில் உயர்தர விஞ்ஞானம் கற்றல்'. கீழே உன் அப்பாவின் கையெழுத்து. என் அப்பாவிடம் "என்ரை மகளும் இஞ்சைதானே" என்று அவர் சொன்னது அதற்குப் பிறகு, ஜூன் மாதத்தில்.

வெள்ளைச் சப்பாத்து கடிக்கிறது என்று எழுதினாயே, மாமிக்குக் கஷாயம் காய்ச்சிக் கொடுக்கவா பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து போட்டாய்?

நேரே சேரின் அறைக்குப் போனேன். உட்காராமல் கேட்டேன்.

"சேர், சயன்ஸ் டீச்சருங்க எப்ப வருவாங்க?"

"கேட்டிருக்கு. வரும். இல்லாட்டி ஆர்ட்ஸைச் செய்யுங்கோவன். அதிலையும் கம்பஸ் போகலாம்."

"வராதுன்னு உங்களுக்கு எப்பவோ தெரியுங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார். "பதினைஞ்சு பேர் இல்லாட்டி இந்த ஏ.எல். வகுப்பை மூடிப்போடுவாங்கள். ஆறு வருசம் அலைஞ்சு எடுத்த வகுப்பு, பிள்ளை. நீங்கள் ஏழு பேரும் போனால் பின்னாலை வாற பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லை. அதை யோசிச்சுப் பார்."

"தர்மினி போனதுனால வகுப்பு கொறையலீங்களா சேர்?"

என் விடுகைப் பத்திரத்தைத் தரும்வரை நகரமாட்டேன் என்று அங்கேயே நின்றேன். எழுதிக் கொடுத்தார். இன்று விடியுமுன் அப்பா அதோடு ஹட்டன் போய், இருட்டிய பிறகு வந்தார். என் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்களாம். அப்பா திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். "படிச்சது போதும், தேயிலை மலையில கொழுந்து எடுக்கப் பேரு பதிஞ்சிரு" என்கிறாள் அம்மா.

உனக்கு எப்போதிலிருந்து தெரியும்? அதை மட்டும் எழுது.

கிருஷ்ணகுமாரி


வெள்ளவத்தை
05.08.1994

குமாரி,

ஏப்ரலிலிருந்து தெரியும். இனி உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

உன் அப்பா ஹட்டன் கடிதத்தோடு வந்த அன்று நானும் வீட்டில்தான் இருந்தேன். அந்தச் சனி ஞாயிறு புத்தகங்கள் எடுக்க வந்திருந்தேன். உனக்குத் தெரியக்கூடாது என்று அப்பா என்னை வெளியே விடவில்லை. அறைக்குள் நின்று எல்லாம் கேட்டேன். உன் அப்பா "நல்லதுங்க, நல்லதுங்க" என்று சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார். வாயைத் திறக்கக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தவர். பிறகு உன் கடிதம் வந்தது. மூன்று தரம் பதில் எழுதிக் கிழித்தேன். நாலாவதாக எழுதியதுதான் உனக்கு வந்தது.

எனக்குப் பதினாறு வயது. அப்பாவை மீறி நான் என்ன செய்திருக்க ஏலும்? அவர் கெட்டவர் இல்லை, குமாரி. சொந்த ஊருக்கு, யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தபோதும் வேண்டாம் என்று அந்தப் பள்ளியோடேயே நின்றவர். போன கிழமை இங்கே வந்தபோது உன் பெயரைச் சொன்னேன். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழும்பிவிட்டார்.

இதோடு தாவரவியல், இரசாயனவியல் குறிப்புகளை அனுப்புகிறேன். வகுப்பில் கார்பன் தாள் வைத்து எழுதியவை. ஒவ்வொரு மாதமும் அனுப்புவேன். என்னை மன்னித்துக்கொள்.

தர்மினி


கஹவத்தை
18.09.1994

தர்மினிக்கு,

குறிப்புகள் கிடைத்தன.

நான் கொழுந்துக்குப் பெயர் பதியவில்லை. பஜாருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிங்களப் பள்ளிக்கூடத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது. அதிபர் ஒரு வயதான அம்மா. என் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு, "சிங்களென் லியன்ன புளுவன்த?" என்று கேட்டார். எழுத முடியுமா என்கிறார். பேச்சு சரளமாக வரும், எழுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையுடையது. ஆனாலும் "புளுவன் மிஸ்" என்றேன். சேர்த்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டு பேரில் நான் ஒருத்திதான் தமிழ். ஆசிரியர் சொல்வதைக் காதால் கேட்டுத் தமிழில் கிறுக்கிக்கொள்கிறேன். பரீட்சைத் தாளில் விடை தெரிந்தும் எழுத்துத் தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு இருக்கிறேன். முதல் பரீட்சையில் பௌதிகவியலுக்குப் பத்தொன்பது புள்ளி. வகுப்பே சிரித்தது. யோகராஜுக்கு அதுவும் இல்லை. அவன் இரத்தினபுரியில் ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுக்கிறான். நம் வகுப்பிலேயே கணக்கில் முதல் ஆள் அவன்.

என்ன செய்திருக்க ஏலும் என்று கேட்டாய். ஒரு தபால் அட்டை போட்டிருக்கலாம். 'ஹட்டனுக்குப் போ' என்று இரண்டே சொல். பெயர்கூட எழுத வேண்டாம், உன் கையெழுத்து எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாகக் குளிரைப் பற்றி எழுதினாய். அம்மாவைப் பற்றி எழுதினாய். என்னிடமிருந்த பயத்தை எடுத்து எனக்கே கொடுத்தாய். உன் அப்பா சொன்ன பொய்யைவிட அதுதான் எரிகிறது.

சேர் கெட்டவர் இல்லை என்பது எனக்கும் தெரியும். மழை நாளில் லயம் லயமாக வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துப் போனவர். அவர் சொன்னதால்தான் அப்பா நம்பினார். முன்பின் தெரியாத ஆள் சொல்லியிருந்தால் நான் இன்று ஹட்டனில் இருப்பேன்.

குறிப்புகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்ப ஆசையாகத்தான் இருக்கிறது. முடியாது. தமிழில் வாசித்தால்தான் எனக்குப் பாடம் விளங்குகிறது. அதனால் அனுப்பு. அதனோடு கடிதம் வைக்காதே.

கிருஷ்ணகுமாரி


கஹவத்தை
07.09.1997

தர்மினிக்கு,

மூன்று வருஷத்துக்குப் பிறகு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பேராதனையில் இடம் கிடைத்ததைத் தெரிந்துகொண்டேன். நன்றாகப் படி.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான்கு பாடமும் சித்தி. பல்கலைக்கழகத்துக்குப் பதினொரு புள்ளி குறைந்துவிட்டது. திரும்ப எழுதலாம் என்று இருந்தபோது தோட்டப் பள்ளிகளுக்கான ஆசிரியர் நியமனம் வந்தது. அப்பாவால் இப்போது மரத்தடியில் குனிய முடிவதில்லை, அதனால் எடுத்துக்கொண்டேன். நம் பள்ளிக்கூடத்திலேதான். ஒன்பது, பத்து, பதினொன்றுக்கு விஞ்ஞானம்.

உன் அப்பாதான் இன்னும் அதிபர். முதல் நாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "இருங்க சேர்" என்றேன். வேலை விஷயம் மட்டும் பேசுகிறோம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், "இங்க சயன்ஸ் வருமா டீச்சர்?" என்று கேட்டார்கள். "வராது" என்றேன். எந்த ஊரில் எந்தப் பள்ளியில் எந்தப் பாடம் இருக்கிறது, எந்தத் திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இந்த வருஷம் நான்கு பேர் போனார்கள். நான்கு விடுகைப் பத்திரத்தையும் நானே எடுத்துக்கொண்டு போய், கையெழுத்தாகும்வரை மேசைக்கு முன்னால் நின்றேன். மறுபேச்சில்லாமல் போட்டார். நான்காவதைப் போடும்போது, "ஏ.எல். வகுப்பிலை இனிப் பதினொரு பேர்தான்" என்றார். "தெரியும் சேர்" என்றேன். வகுப்பு மூடப்படலாம். அதை நினைத்துச் சில நாட்கள் சோறு இறங்குவதில்லை. ஆனாலும் இருக்கச் சொல்லி ஒரு பிள்ளையிடமும் பொய் சொல்ல மாட்டேன்.

கோபம் தீர்ந்ததா என்று கேட்டாய். தீரவில்லை. இருபத்தைந்து மாதமும் தவறாமல் குறிப்புகள் வந்தன. அதை நான் மறக்கவில்லை. கோபமும் அப்படியே இருக்கிறது.

அடுத்த மாதம் என்னைப் பார்க்க லயத்துக்கு வரவா என்றும் கேட்டிருக்கிறாய். வர வேண்டாம். அம்மா உனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பாள், அப்பா "நல்லதுங்க" என்பார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

வருவதானால் பள்ளிக்கூட நாளில் பள்ளிக்கூடத்துக்கு வா. பதினோராம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள். விஞ்ஞானம் படிக்க என்ன வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று அவர்களிடம் சொல். உன் அப்பா பக்கத்து அறையில் இருப்பார், கேட்கும்படி சத்தமாகச் சொல். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளை என்னுடையது. ஒன்பது மணிக்குத் தொடங்கும்.

கிருஷ்ணகுமாரி