விட்கம் ஐயரின் தகப்பனார்

சுகிர்தபுரம்,
எப்போதும்வென்றான் வழி.
17 செப்டம்பர் 2024

மகள் கிருபைக்கனிக்கு அப்பா சுவாமியடியான் எழுதுவது.

நீ செய்தது தவறு. அதை முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும். பதினோரு வருஷத்துக்கு முன்பு, ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில், பெற்ற தகப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கோவில்பட்டியில் ரயிலேறிப் போனாய். போகக் கூடாது என்று நான் சொல்லியிருந்தது உண்மை. ஆனாலும் நீ சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் வாசலை மறித்து நின்றிருப்பேன். நீ என்னைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். என்னைத் தாண்டிப் போகும் மரியாதையைக்கூட நீ எனக்குக் கொடுக்கவில்லை. இன்றைக்கும் இதில் நான் மாறவில்லை.

நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதாகப் போதகர் நேற்றுச் சொன்னார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவரே போன் போட்டுத் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்றேன். போனில் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். காகிதம் என்றால் முடிக்கும்வரை எழுதித்தான் ஆக வேண்டும்.

உனக்குக் காய்ச்சல் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாதம் முதல் ஞாயிறு ஆராதனையில் ஊழியர்களுக்கான ஜெபக்குறிப்பை வாசித்தார்கள். ஒடிசாவில் ஊழியம் செய்யும் நம் சபையின் மகள் கிருபைக்கனி மூளை மலேரியாவால் நினைவின்றி மருத்துவமனையில் இருக்கிறார், கணவருக்காகவும் ஆறு வயது மகளுக்காகவும் ஜெபியுங்கள் என்று வாசித்தார்கள். கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தலைகீழாக இருந்தது என்று பிறகு என் கூட்டாளி கருத்தையாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு நான்கு நாளாகத் தெரியுமாம். உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு நான் போட்ட சட்டத்தை அவள் மீறவில்லை. நான்கு நாளும் எனக்குக் கம்பங்கஞ்சி ஊற்றி, வெங்காயம் உரித்து வைத்து, “போதுமா, இன்னும் ஊத்தட்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டம் போட்டவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை யாரும் கொடுக்க முடியாது.

அவள் உன்னோடு பேசுகிறாள் என்பது எனக்குத் தெரியாது என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்திருப்பீர்கள். மாதம் இரண்டு தடவை கருத்தையா வீட்டுக்கு மோர் வாங்கப் போவாள். அவன் பெண்சாதி அமுதவள்ளியின் போன் அங்கே இருக்கிறது. அரை மணி நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். மோர் மட்டும் வந்ததில்லை. நானும் பதினோரு வருஷமாக மோர் எங்கே என்று கேட்டதில்லை. இதை என் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலப் பிடி அரிசி வாங்கப் போனேன். உனக்கு மறந்திருக்காது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஊழியக்காரருக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வாரக் கடைசியில் நான் சைக்கிளில் சாக்கோடு போய் வாங்கி வருவேன். அதை விற்றுத்தான் உங்கள் மிஷனரிச் சங்கத்துக்கு அனுப்புகிறோம். நீ போன மறுநாளே நம் வீட்டுப் பானையை நான் கவிழ்த்து வைத்தேன். பிள்ளையையே கொண்டுபோனவர்களுக்கு அரிசி வேறு எதற்கு என்றேன். ஆனால் மற்ற வீடுகளில் வாங்குவதை நிறுத்தவில்லை. ஊரில் யாரும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதும் இல்லை.

கடைசி வீட்டுச் சவுந்தரத்தாயை நினைவிருக்கிறதா? புருஷன் இறந்தபின் தீப்பெட்டி ஆபீசுக்குத் தீக்குச்சிக் கட்டை அடுக்கிப் பிழைக்கிறவள். அவள் பானையைச் சாக்கில் கொட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “அண்ணாச்சி, ஒங்க மவளுக்குப் பதினோரு வருசமா நான்தான் சோறு போடுதேன். நீங்க சும்மா சாக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கீங்க.”

சாக்கின் வாயைக் கட்டிச் சைக்கிளில் ஏற்றினேன். திரும்பி வரும்போது மண்பாதை தெரியவில்லை, அதனால் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். காரணம் புழுதிக்காற்று என்று வைத்துக்கொள்.

அந்தச் சைக்கிள்தான். அதன் முன் கம்பியில் துண்டைச் சுற்றி உன்னை உட்கார வைத்து, வீடு வீடாகப் போன காலத்தில் விட்கம் ஐயர் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் சீமையிலிருந்து மிஷனரியாக வந்து, இந்தக் கரிசல் காட்டில் கூடாரம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய், முப்பத்திரண்டாம் வயதில் நம் ஊரில் காலராவில் இறந்து, நம் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிறவர். நம் பூட்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர். அவருடைய வண்டி ஐப்பசி மழையில் புதைந்த கதை உனக்கு உயிர். சக்கரத்தில் மண் அப்பி அம்மிக்கல் மாதிரி ஆகிவிட, மாடுகள் படுத்துக்கொள்ள, ஐயர் இறங்கித் தள்ளினார். காலை எடுத்தால் கால் வந்தது, செருப்பு வரவில்லை. முழங்கால்வரை கரிசலோடு ஊருக்குள் நடந்தார். அதுவரை அவரை அண்டவிடாத சனங்கள், கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நம் மண்ணை முழங்கால்வரை அப்பிக்கொண்டு வருகிறவனை எப்படி வேற்றாள் என்று சொல்வது? அதற்குப் பிறகு அவர் செருப்பே போடவில்லை.

“அந்தச் செருப்பு இன்னும் மண்ணுக்குள்ளதான் கெடக்காப்பா?” என்று கேட்பாய். உழும்போது பார்ப்போம் என்பேன். ஒவ்வொரு புரட்டாசியிலும் கருத்தையாவின் ஏருக்குப் பின்னால் கூடையோடு நடப்பாய். “ஏட்டி, சாணி பொறுக்கவா வந்தே?” என்று அவன் கேட்டால், “இல்ல மாமா, ஐயர் செருப்பு பொறுக்க” என்பாய். அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான். நான் அதிலிருந்து உனக்குச் சொன்ன பாடம், ஊழியத்துக்குப் போகிறவன் ஊரின் மண்ணைக் காலில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. நீ அதை நம்பிவிட்டாய். நீ போனபின் கருத்தையா என்னைப் பார்த்துக் கேட்டான்: “ஊருப் பிள்ளைகள்லாம் போகணும்னுதான வேய் பிரசங்கம் பண்ணினீரு? ஒம்ம பிள்ளை காதுல மட்டும் விழுந்துட்டே!” ஆறு மாதம் அவனோடு நான் பேசவில்லை.

ஐயரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. அவர் பேசும் தமிழில் தப்புக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குக் கருப்பட்டித் துண்டு கொடுப்பார். இதையும் வருஷா வருஷம் நினைவு நாளில் பிரசங்க மேடையில் சொல்லியிருக்கிறேன். தப்பைச் சுட்டினவருக்குக் கருப்பட்டி கொடு என்று சபைக்குச் சொன்னேன். எனக்குத் தப்புச் சுட்டிய கருத்தையாவுக்கு நான் கொடுத்தது ஆறு மாத மௌனம்.

இனி முக்கியமான விஷயம். நீ போன அன்று ஐயரின் பழைய தமிழ் ஜீவிய சரித்திரப் புத்தகத்துக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தாய். “அப்பா, ஐயர் தகப்பனாரிடம் விடைபெற்றுக் கப்பலேறினார். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. மன்னித்துவிடுங்கள்” என்று இருந்தது. அந்தச் சீட்டைத்தான் இத்தனை வருஷமாக உனக்கு எதிரான சாட்சியாக வைத்திருந்தேன். பார், ஐயர் விடைபெற்றார், இவள் பெறவில்லை என்று.

நம் போதகர் இளவயதுக்காரர், கம்ப்யூட்டரில் தேடி, ஐயர் எழுதின கடிதங்களை ஆங்கிலத்தில் கண்டுபிடித்து, கோவில்பட்டியில் நகல் எடுத்து இந்த வருஷம் எனக்குக் கொடுத்தார். நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு ஆங்கில எழுத்தைத் தீப்பெட்டி லேபிள்தான் சொல்லிக்கொடுத்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தேன். சவுந்தரத்தாய் பேசின அன்று சாயங்காலம் கடைசிப் பக்கங்களுக்கு வந்திருந்தேன்.

ஐயர் விடைபெறவில்லை, கனி. அந்தச் சரித்திரத்தைத் தமிழில் எழுதினவர் மரியாதைக்காக அப்படி எழுதிவிட்டார். தகப்பனார் சம்மதிக்கவில்லை. ஐயர் விடியுமுன் பின்வாசல் வழியாகப் போய்க் கப்பலேறியிருக்கிறார். ஒவ்வொரு வருஷப் பிறப்புக்கும் அப்பாவுக்கு எழுதினார். ஒன்பது வருஷம் பதில் வரவில்லை. பிறகு ஒரு பதில் வந்தது. அதற்குள் ஐயரை அடக்கம்பண்ணி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஐயரோடு இருந்த உபதேசியார் அதைப் பிரித்து, இன்னொரு வெள்ளைக்காரரைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அந்த வருஷம் பனி அதிகம், பழைய குதிரை செத்துவிட்டது என்று எழுதியிருந்தார். கடைசியில், நீ செருப்பில்லாமல் நடக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், உன் காலை ஒரு காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு, நல்ல தோலில் தைத்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

அகராதி பார்க்கத் தேவையில்லாத வார்த்தைகள்தான் அவை. ஆனாலும் நான்கு தடவை பார்த்தேன்.

அறுபது வருஷமாக ஐயரின் வாழ்க்கையிலிருந்து பாடம் சொன்னவன் நான். வண்டியிலிருந்து சொன்னேன், செருப்பிலிருந்து சொன்னேன், கருப்பட்டியிலிருந்து சொன்னேன். எல்லாம் பிறத்தியாருக்குச் சொன்னது. அந்த வீட்டில் ஒரு தகப்பன் உட்கார்ந்திருந்தான் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கென்று ஆண்டவர் வைத்திருந்த பாடம் அங்கேதான் இருந்திருக்கிறது.

இதனால் நீ செய்தது சரி என்று நான் சொல்வதாக நினைக்காதே. ஐயர் செய்ததும் தவறுதான். ஆனால் அந்தத் தவறைச் செய்தவர் வந்திராவிட்டால் நம் பூட்டனுக்கு ஞானஸ்நானம் இல்லை, எனக்கு வேதம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து ஜெபிக்க இப்போதுதான் பழகுகிறேன். இன்னும் சரியாக வரவில்லை.

ஊரில் மழை இல்லை. நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. புரட்டாசிக்கு மேல் பெய்தால் கம்பும் உளுந்தும் போடலாம் என்று கருத்தையா சொல்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

இனி நடக்க வேண்டியவை. ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் செய்ய வேண்டும்.

அடுத்த மாதம் ஐயர் நினைவு நாளில் நான் பேசப் போவதில்லை. போதகர் வேறு ஆள் பார்க்க வேண்டும். அன்றைக்கு நான் ஊரில் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை பிடி அரிசி வாங்க என் சைக்கிளைச் சவுந்தரத்தாயின் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அவன் முதலில் நம் வீட்டுக்கு வர வேண்டும். பானையை நான் நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

கருத்தையா மகன் இசக்கிபாண்டி உன் ஊர் ராயகடாவுக்கு இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும். சென்னையில் வண்டி மாற வேண்டுமாம். மதுரையைத் தாண்டாதவன் நான். ஒரு காகிதத்தில் எல்லா ஸ்டேஷன் பெயரையும் தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். அம்மா இனி மோர் வாங்கப் போக வேண்டியதில்லை. நம் வீட்டிலிருந்தே உன்னோடு பேச வேண்டும், நான் கேட்கிற மாதிரி. உனக்குக் கஞ்சி வைக்கப் புழுங்கல் அரிசியும், கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அவள் கட்ட வேண்டும்.

மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வர வேண்டும். அவர் முகம் எனக்குத் தெரியாது. அதற்கு நான்தான் காரணம். அதனால் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரட்டும், உன் சாயல் இருந்தால் கண்டுபிடித்துக்கொள்வேன். அதற்கு முன்பு அவர் அந்தப் பிள்ளையின் கால் இரண்டையும் காகிதத்தில் வைத்து வரைந்து, அமுதவள்ளியின் போனுக்குப் படம் அனுப்ப வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அனுப்ப வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

நீ ஸ்டேஷனுக்கு வரக் கூடாது. படுத்திருக்க வேண்டும், மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். நாங்கள் வந்து சேரும்வரை நீ செய்ய வேண்டியது, உயிரோடு இருப்பது ஒன்றுதான். இதையாவது நான் சொல்கிறபடி கேள்.

நான் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அது காகிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. உன் வாசலில் நின்று, உன் அனுமதி கேட்டுவிட்டு, உள்ளே வந்து செய்வேன்.

அதுவரை கர்த்தர் உன் கால்களைக் காப்பாராக.

உன் அப்பா,
சுவாமியடியான்.